‘நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு!’ - கூண்டுப் பறவைகள் மறைக்கும் நோய்கள்... கண்டுபிடிப்பது எப்படி, தடுப்பது எப்படி?

“நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர். காலையில பார்த்தா கூண்டுக்கு அடியில உட்கார்ந்திருக்கு.”

லவ் பேர்ட்ஸையும் காக்டெயிலையும் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்கு ஓடிவருகிறவர்களில் பெரும்பாலானோர் சொல்வது இதைத்தான். அவர்கள் பொய் சொல்வதில்லை. நேற்றுவரை அந்தப் பறவை கத்தியிருக்கும், தினையைக் கொறித்திருக்கும், குச்சிக்குக் குச்சி தாவியிருக்கும். ஆனால், நோய் நேற்று வந்ததல்ல. பல நாள்களாக, சில நேரம் பல வாரங்களாக உடம்புக்குள் இருந்திருக்கும். இனிமேல் மறைக்க முடியாது என்ற நிலை வந்த பிறகுதான் பறவை அதை வெளியே காட்டுகிறது. அதற்குள் பாதி நேரம் கைமீறிப் போயிருக்கும்.

நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் நம் காலடியில் வந்து படுத்துக்கொள்ளும். பூனை ஒரு மூலையைத் தேடிப் போகும். பறவை அப்படியே இருப்பதுபோல நடிக்கும். வீட்டில் பறவை வளர்ப்பவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இந்த ஒரு விஷயத்தைத்தான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு சுலபம்.

ஏன் மறைக்கின்றன?

நம் ஊரில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கப்படும் சின்னப் பறவையின் சரியான பெயர் பட்ஜரிகர். சுருக்கமாக பட்ஜி. உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு இனம். கடைகளில் அதை ‘ஆப்பிரிக்கன்’ என்று தனியாகச் சொல்வார்கள். பட்ஜியின் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகள். 1840-ல் ஜான் கூல்ட் என்ற பறவை ஆய்வாளர் அங்கிருந்து உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்துதான் உலகம் முழுக்கக் கூண்டுகளுக்குள் பரவியது.

புல்வெளியில் பட்ஜிகள் பெருங்கூட்டமாகப் பறப்பவை. மேலே வட்டமிடும் வல்லூறு, கூட்டத்தில் தடுமாறுகிற ஒன்றைத்தான் குறிவைக்கும். அதனால், பலவீனத்தைக் காட்டாமல் இருப்பதுதான் உயிர் பிழைக்கும் வழி. அந்தப் பழக்கம் நம் வீட்டு வராந்தாவில் தொங்கும் கூண்டுக்குள்ளும் தொடர்கிறது. ஆள் கிட்டே போனதும், சோர்ந்து உட்கார்ந்திருந்த பறவைகூட இறகைச் சுருக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்காரும். அதனால், உங்கள் பறவையைத் தள்ளி நின்று, அது உங்களைக் கவனிக்காத நேரத்தில் பாருங்கள். அப்போதுதான் உண்மை நிலை தெரியும்.

இன்னொன்று, அளவு. பட்ஜியின் எடை 30 முதல் 40 கிராம். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸுக்கு மேல். இதயம் நிமிடத்துக்கு 250 முறைக்கு மேல் துடிக்கும். இவ்வளவு வேகமாக ஓடும் சின்ன உடம்பில் சேமிப்பு மிகக் குறைவு. ஒரு நாள் சாப்பிடாவிட்டாலே ஆபத்து. ‘ரெண்டு நாள் பார்த்துட்டு டாக்டர்கிட்ட போகலாம்’ என்ற கணக்கு பறவைகளிடம் செல்லாது.

தினமும் ஒரு நிமிடம்: எதைப் பார்க்க வேண்டும்?

எச்சம்: கூண்டுத் தட்டில் மண்ணோ மரத்தூளோ போடாமல் வெள்ளைத்தாள் விரியுங்கள். தினமும் மாற்றுங்கள். அதுதான் உங்கள் பறவையின் லேப் ரிப்போர்ட். நல்ல எச்சத்தில் மூன்று பகுதிகள் இருக்கும். பச்சை அல்லது பழுப்பு நிறத்தில் கெட்டியான பகுதி, வெள்ளையாகச் சுண்ணாம்பு போன்ற பகுதி, கொஞ்சம் தெளிந்த நீர். வெள்ளைப் பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் கல்லீரல் பாதிப்பாக இருக்கலாம். ஜீரணமாகாத தானியம் முழுசாகத் தெரிந்தால் வயிற்றுக் கோளாறு. கறுத்து தார்போல இருந்தால் உள்ளே ரத்தக் கசிவு. பீட்ரூட் கொடுத்த அன்று சிவப்பாகவும், வெள்ளரிக்காய் கொடுத்த அன்று தண்ணீராகவும் இருப்பது சகஜம். மறுநாள் சரியாகிவிட வேண்டும்.

எடை: சமையலறையில் வைக்கும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். ஒரு கிண்ணத்தில் அல்லது குச்சியில் உட்காரப் பழக்கி, வாரம் ஒரு நாள், காலையில் தீனிக்கு முன் எடை பாருங்கள். 35 கிராம் பறவை 31 கிராமுக்கு வந்தால், பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம். இறகு மூடியிருப்பதால் மெலிவது கண்ணுக்குத் தெரியாது. தராசு இல்லையென்றால் நெஞ்சைத் தொட்டுப் பாருங்கள். நடு எலும்பு கத்தி முனைபோல் நீட்டிக்கொண்டிருந்தால் பறவை வெகுநாளாக மெலிந்துகொண்டிருக்கிறது.

தீனிக் கிண்ணத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். தினையின் மேல்தோல் கிண்ணத்திலேயே கிடக்கும். நிறைய தீனி இருப்பதுபோலத் தெரியும். ஊதிப் பார்த்தால் வெறும் உமி. அதேபோல, நாள் முழுக்கக் கிண்ணத்தில் கொத்திக்கொண்டே இருந்தும் மெலிகிற பட்ஜிகளும் உண்டு. வயிற்றில் வளரும் ஒருவகைப் பூஞ்சை இதற்கு ஒரு காரணம். எச்சத்தைப் பரிசோதித்தால் தெரிந்துவிடும்.

மூச்சு: சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடினால், அலகைத் திறந்து மூச்சுவிட்டால், ‘க்ளிக் க்ளிக்’ என்று சத்தம் வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

உட்காரும் விதம்: இறகை உப்ப வைத்துக்கொண்டு பகலிலும் தூங்குவது, இரண்டு கால்களையும் ஊன்றித் தூங்குவது, கூண்டின் அடியில் உட்காருவது, வழக்கமாகக் கத்தும் பறவை அமைதியாகிவிடுவது ஆகிய நான்கும் சாதாரண விஷயங்கள் அல்ல. நல்ல பறவை பெரும்பாலும் ஒற்றைக்காலில் நின்று தூங்கும்.

ஆண் பட்ஜியின் அலகுக்கு மேலே மூக்குத் துளை இருக்கும் பகுதி பொதுவாக நீல நிறம். வயதான ஆணுக்கு அது பழுப்பாக மாறினால், விரையில் கட்டி இருக்க வாய்ப்புண்டு.

தினை மட்டும் போட்டால் போதாதா?

போதாது. வீட்டுப் பறவைகளுக்கு வரும் பல நோய்களின் ஆரம்பம் தீனிக் கிண்ணத்தில்தான் இருக்கிறது.

தினையிலும் சூரியகாந்தி விதையிலும் வைட்டமின் ஏ மிகக் குறைவு. மூக்கு, வாய், மூச்சுக்குழாயின் உள்பக்கத் தோல் ஆரோக்கியமாக இருக்க இந்தச் சத்து தேவை. அது குறையும்போது தோல் தடித்து, கிருமிகளுக்கு வழிவிடும். அடிக்கடி தும்மல், மூக்கில் நீர், வாய்க்குள் வெள்ளைத் திட்டு, கண் வீக்கம் எல்லாம் இப்படி வரலாம். மருந்து கொடுத்தால் சரியாகி, நிறுத்தினால் திரும்ப வரும். தீனியை மாற்றாதவரை இது ஓயாது.

பட்ஜிகளுக்கு அயோடின் குறைந்தால் கழுத்துக்குள் தைராய்டு சுரப்பி வீங்கி மூச்சுக்குழாயை அழுத்தும். மூச்சில் கீச்சுச் சத்தம் கேட்கும், தின்றதைக் கக்கும். ‘சளி பிடிச்சிருக்கு’ என்று நினைத்துத் துளசிச் சாறு கொடுத்தால் இது தீராது.

சூரியகாந்தி விதையில் கொழுப்பு அதிகம். பறக்க இடமில்லாத கூண்டில் அதையே தின்னும் காக்டெயிலுக்கும் ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸுக்கும் கல்லீரலில் கொழுப்பு சேரும். மனிதர்களுக்குச் சொல்லும் அதே கதைதான்.

என்ன கொடுக்கலாம்? தினை, சாமை, கம்பு போன்ற தானியக் கலவையோடு தினமும் ஏதாவது ஒரு கீரையும் காயும். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, சிறுகீரை, துருவிய கேரட், மஞ்சள் பூசணி, பப்பாளித் துண்டு. கீரையில் பூச்சிமருந்து இருக்கும் என்பதால் நன்றாக அலசித்தான் கொடுக்க வேண்டும். முளைகட்டிய பாசிப்பயறு நல்லது. ஆனால், நம் ஊர் வெயிலில் இரண்டு மணி நேரத்தில் புளித்துவிடும், எடுத்துவிடுங்கள். பறவைகளுக்கென்று சத்துகளைச் சமன்செய்து தயாரிக்கும் பெல்லட் தீனியும் கிடைக்கிறது. எதை மாற்றினாலும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழகாத தீனியைத் தீனி என்றே தெரியாமல் பட்டினி கிடக்கும் பறவைகள் உண்டு.

பட்டர் ஃப்ரூட் எனப்படும் அவகாடோ, சாக்லேட், காபி, டீ, ஆப்பிள் விதை, வெங்காயம், உப்பு தூவிய சிப்ஸ், முறுக்கு - இவற்றை ஒரு துணுக்குகூடக் கொடுக்கக் கூடாது. குறிப்பாக, அவகாடோ பறவையின் இதயத்தைத் தாக்கும்.

பானையைக் கழற்றி வையுங்கள்

லவ் பேர்ட்ஸ் கூண்டு என்றாலே ஒரு மண்பானை தொங்கும். பானை இருந்தால் பெண் பறவை முட்டையிடும். குஞ்சு பொரித்து, அது கூட்டைவிட்டு வெளியே வருவதற்குள் அடுத்த முட்டை. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால், ஒவ்வொரு முட்டை ஓட்டுக்கும் வேண்டிய சுண்ணாம்புச் சத்து அந்த 35 கிராம் உடம்பிலிருந்து, எலும்பிலிருந்து போகிறது.

சத்து தீர்ந்த நிலையில் முட்டையைத் தள்ளத் தசைக்கு வலு இருக்காது. முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். பெண் பறவை வயிறு வீங்கி, கால்களை அகட்டி, கூண்டின் அடியில் உட்கார்ந்து முக்கிக்கொண்டிருக்கும். இது மணிக்கணக்கில் உயிர் போகக்கூடிய அவசர நிலை. வயிற்றை அமுக்கியோ, எண்ணெய் விட்டோ முட்டையை எடுக்க முயலாதீர்கள். உள்ளே உடைந்தால் காப்பாற்றுவது கடினம். இளஞ்சூட்டில் வைத்து உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

தடுக்கும் வழி எளிது. கூண்டில் எப்போதும் ஒரு கணவாய் ஓடு இருக்கட்டும். நாட்டு மருந்துக் கடைகளில் ‘கடல் நுரை’ என்று கேட்டாலும் கிடைக்கும். காலை இளவெயில் கொஞ்ச நேரம் கூண்டில் பட வேண்டும். சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேர வைட்டமின் டி தேவை. கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலில் அது கிடைக்காது. வருடத்துக்கு இரண்டு முறை குஞ்சு பொரித்தால் போதும். பிறகு பானையைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

சமையலறைக்குப் பக்கத்தில் கூண்டா?

பறவையின் மூச்சு மண்டலம் நம்முடையது போன்றதல்ல. நுரையீரலோடு காற்றுப்பைகள் உடல் முழுக்கப் பரவியிருக்கும். காற்றிலிருந்து ஆக்ஸிஜனை நம்மைவிடத் திறமையாக எடுத்துக்கொள்ளும். அதே திறமையோடு விஷப்புகையையும் எடுத்துக்கொள்ளும். பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களில் விஷவாயுவைக் கண்டறிய கேனரிப் பறவைகளை வைத்திருந்தது இதனால்தான். தொழிலாளிக்கு மயக்கம் வருவதற்கு முன்பே பறவை சாய்ந்துவிடும். 1986 வரை இந்த வழக்கம் அங்கே இருந்தது.

நம் வீட்டில் ஆபத்து நான்ஸ்டிக் தவாவில் இருக்கிறது. அடுப்பில் காலியாக வைத்து மறந்துபோய் அளவுக்கு மீறிச் சூடானால், அதன் பூச்சிலிருந்து வரும் புகை சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். நமக்கு வாசனைகூடத் தெரியாமல் போகலாம். அடுத்த அறையில் இருந்தாலும் தப்பாது. பறவை இருக்கும் வீட்டில் இரும்புத் தோசைக்கல்லுக்குத் திரும்புவதே நல்லது.

கொசுவர்த்திச் சுருள், ஊதுவத்தி, சாம்பிராணிப் புகை, ரூம் ஸ்பிரே, கொசு மருந்து ஸ்பிரே, சிகரெட், புது பெயின்ட் வாசனை எல்லாமே பறவைக்குக் கெடுதல்தான். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவதை நிறுத்த வேண்டாம். கூண்டை வேறு அறைக்கு மாற்றி, கதவைச் சாத்திவிட்டுப் போடுங்கள். கொசுவுக்கு, கூண்டின்மேல் வலைத்துணி போர்த்துவது சிறந்தது. புறாக்களுக்கும் கேனரிகளுக்கும் வரும் அம்மையைக் கொசுவும் பரப்புகிறது என்பதால், அவற்றுக்கு வலை அவசியம்.

அலகில் நுரை, தலையில் வழுக்கை, பாதத்தில் புண்

பட்ஜியின் அலகைச் சுற்றி, வெள்ளையாகத் தேன்கூடு போல ஓட்டை ஓட்டையாகப் படிவது அதிகம் காணப்படும் பிரச்னை. கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள் தோலைத் துளைத்து வாழ்வதால் வருவது. கண்ணைச் சுற்றியும் காலிலும் பரவும். கவனிக்காமல் விட்டால் அலகு கோணலாகிவிடும். தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டே இருந்தால் இறகில் எண்ணெய் ஒட்டி, உடல்சூட்டைக் காக்க முடியாமல் பறவை தவிக்கும். மண்ணெண்ணெய் விஷம். மருத்துவர் எடைக்கு ஏற்பக் கணக்கிட்டுக் கொடுக்கும் சில சொட்டு மருந்தில் இது முழுமையாகக் குணமாகும். ஒன்றுக்கு வந்தாலும் கூண்டில் உள்ள எல்லாவற்றுக்கும் சிகிச்சை வேண்டும். மரக்குச்சிகளை மாற்ற வேண்டும்.

இறகு உதிர்வதும் புது இறகு முளைப்பதும் இயற்கை. ஆனால், வழுக்கை விழுவது இயற்கையல்ல. எங்கே வழுக்கை என்பதைப் பாருங்கள். நெஞ்சிலும் தொடையிலும் என்றால் பறவை தன் இறகைத் தானே பிடுங்குகிறது. தலையில் மட்டும் என்றால், தன் தலையைத் தன் அலகால் தொட முடியாது அல்லவா? கூடவே இருக்கும் இன்னொரு பறவை பிடுங்குகிறது. தனிமை, சலிப்பு, தூக்கக் குறைவு, தோல் நோய், உள்நோய் என்று இதற்குக் காரணங்கள் பல. கூட்டமாக வாழும் பறவையைத் தனியாக அடைத்து, நாள் முழுக்க ஆள் இல்லாத வீட்டில் விட்டால் அது தன் இறகோடுதான் பேசும். கடித்து விளையாடக் கொஞ்சம் தென்னங்கீற்று, பனையோலை, அட்டைத்துண்டு கொடுங்கள். இரவில் 10 முதல் 12 மணி நேர இருட்டு வேண்டும். நள்ளிரவு வரை டி.வி. ஓடும் ஹாலில் கூண்டு இருந்தால் அது கிடைக்காது.

கடைக் கூண்டுகளில் வரும் ஒரே பருமனுள்ள வழுவழுப்பான பிளாஸ்டிக் குச்சியில் எப்போதும் உட்கார்ந்தால், பாதத்தில் ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து புண்ணாகும். வெவ்வேறு பருமனுள்ள கொய்யா, வேப்பங்கிளைகளைக் கழுவிக் காயவைத்துப் பொருத்தினால் பாதமும் தப்பும், அலகும் நகமும் தேயும். துருப்பிடித்த கூண்டும் பெயின்ட் உரியும் கூண்டும் வேண்டவே வேண்டாம். துத்தநாகம், ஈயம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும்.

வெயிலும் மழையும்

கத்திரி வெயில் காலத்தில் மதியம் பால்கனியில் கூண்டை மறந்துவிடுவதால் இறந்துபோகும் பறவைகள் அதிகம். பறவைக்கு வியர்க்காது. சிறகுகளை உடம்பிலிருந்து விலக்கி, அலகைத் திறந்து மூச்சிரைத்தால் அதற்குச் சூடு தாங்கவில்லை. உடனே நிழலுக்கு மாற்றி, கால்களைச் சாதாரணத் தண்ணீரில் நனையுங்கள். இறகின்மேல் லேசாகத் தெளியுங்கள். ஐஸ் தண்ணீர் கூடாது. குளிக்க ஒரு அகலத் தட்டில் தண்ணீர் வைத்தால் அவையே பார்த்துக்கொள்ளும். குடிக்கும் தண்ணீரைக் கோடையில் இரண்டு வேளை மாற்ற வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஆபத்து வேறு. ஈரத்தில் தானியம் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சையின் தூளை மூச்சில் இழுத்தால் நுரையீரலிலும் காற்றுப்பையிலும் அது வளரும், குணப்படுத்த மாதக்கணக்காகும். மக்கிய வாசம் அடிக்கும் தீனியையும் நிலக்கடலையையும் வெயிலில் காயவைத்துக் கொடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். நச்சு காயவைத்தாலும் போகாது. மழைக்காலத்தில் ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்கி, காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள்.

புதுப் பறவை வந்தால்...

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ கடையிலோ ஆசைப்பட்டு வாங்கிய புது ஜோடியை நேராகப் பழைய கூண்டுக்குள் விடுவதுதான் பலர் செய்வது. சந்தையில் பல ஊர்ப் பறவைகள் ஒரே இடத்தில் அடைபட்டிருக்கும். அவற்றில் ஒன்றுக்கு நோய் இருந்தாலும் உங்கள் வீட்டுக்கு வரும். இறகும் அலகும் சிதைந்து, மருந்தே இல்லாத வைரஸ் நோய் ஒன்றும் கிளி இனங்களுக்கு உண்டு.

குறைந்தது 30 நாள் வேறு அறையில், வேறு கிண்ணத்தில் வைத்துப் பாருங்கள். முதலில் பழைய பறவைக்குத் தீனி வைத்துவிட்டு, பிறகு புதியதைக் கவனியுங்கள். கையைக் கழுவுங்கள். மாடியில் நாட்டுக்கோழி, புறா வளர்க்கும் வீடுகளில் கூடுதல் கவனம் தேவை. கோழிகளை வாரிக்கொண்டுபோகும் வெள்ளைக் கழிச்சல் எனும் இராணிக்கெட் நோய் வேறு பறவைகளையும் தொற்றும். கழுத்து திருகிக்கொண்டு சுற்றும் புறாக்கள் பலவற்றுக்கு இதே குடும்ப வைரஸ்தான் காரணம். கோழிக்கும் புறாவுக்கும் தடுப்பூசி உண்டு. மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள்.

பச்சைக்கிளி, மைனா, முனியா போன்ற நம் நாட்டுக் காட்டுப் பறவைகளை வாங்குவதும் வளர்ப்பதும் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கூட்டிலிருந்து பிடுங்கிவந்த குஞ்சுகள் பல கைக்கு வருமுன்பே நோயோடும் பயத்தோடும் இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நமக்கும் வருமா?

சில நோய்கள் வரும். பயப்பட வேண்டாம், தெரிந்திருக்க வேண்டும். ‘கிளிக் காய்ச்சல்’ எனப்படும் சிட்டகோசிஸ், ஒரு பாக்டீரியாவால் கிளி இனங்களுக்கும் புறாக்களுக்கும் வருவது. காய்ந்த எச்சத்தின் தூளை மூச்சில் இழுக்கும்போது மனிதர்களுக்குத் தொற்றும். 1929-30ல் தென் அமெரிக்கக் கிளிகள் மூலம் பல நாடுகளில் பரவி மரணங்கள்வரை போனது. இன்று இதற்கு நல்ல ஆன்டிபயாடிக் மருந்துகள் இருக்கின்றன. சிக்கல், கண்டுபிடிப்பதில்தான். காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் என்று சாதாரண ஃப்ளூ போலவே இருக்கும். எனவே, பறவை வளர்க்கும் வீட்டில் யாருக்காவது விடாத காய்ச்சலும் இருமலும் இருந்தால், “வீட்டில் பறவை இருக்கிறது” என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வரி சிகிச்சையின் திசையையே மாற்றும்.

கூண்டைச் சுத்தம் செய்யும்போது தட்டில் முதலில் தண்ணீர் தெளித்து, தூள் பறக்காமல் எடுங்கள். மாஸ்க் போடுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அலகில் முத்தம் கொடுப்பதும், வாயில் மென்று ஊட்டுவதும் வேண்டாம்; நம் எச்சிலில் உள்ள கிருமிகள் பறவைக்கும் ஆகாது. ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் சுத்தம் செய்யும் வேலையை வேறு ஒருவரிடம் விடுவது நல்லது. வருடக்கணக்காகப் புறாவோடு பழகி, மூச்சு வாங்குகிறது என்றால் நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். இறகுத் தூளாலும் எச்சத் தூளாலும் வரும் நுரையீரல் ஒவ்வாமை உண்டு.

உடம்பு சரியில்லை என்று தெரிந்தால்...

முதல் மருந்து சூடு. கூண்டின் முக்கால் பக்கத்தைத் துணியால் மூடி, ஒரு ஓரத்தில், பறவை தொட முடியாத தூரத்தில் 40 வாட் குண்டு பல்பு எரியவிடுங்கள். உள்ளே சுமார் 30 டிகிரி இருந்தால் போதும். சூடு அதிகமானால் நகர்ந்துகொள்ள மறுபக்கம் இடம் இருக்க வேண்டும். துணி பல்பில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றப் பறவைகளிடமிருந்து பிரித்து, தீனியையும் தண்ணீரையும் எட்டும் உயரத்தில் வையுங்கள்.

வாயில் வலுக்கட்டாயமாகத் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். வீட்டில் மிச்சமிருக்கும் பாராசிட்டமால், ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கரைத்துக் கொடுக்காதீர்கள். மெடிக்கல் ஷாப்பிலும் மீன் கடையிலும் ‘எல்லா நோய்க்கும்’ என்று தரும் பொடியும் வேண்டாம். நகம் உடைந்து ரத்தம் வந்தால் சோளமாவை வைத்துச் சில நிமிடம் லேசாக அழுத்திப் பிடியுங்கள். பூனை கவ்வியிருந்தால், காயம் சின்னதாகத் தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். பூனையின் பல்லில் உள்ள கிருமி ஓரிரு நாளில் ரத்தத்தில் பரவிவிடும்.

போகும்போது, அன்றைய எச்சம் உள்ள தாளையும், கொடுக்கும் தீனியில் ஒரு பிடியையும், எடை எழுதிய குறிப்பையும் எடுத்துச்செல்லுங்கள். பறவை சிகிச்சை தெரிந்த மருத்துவர் எங்கே இருக்கிறார் என்பதை நோய் வருவதற்கு முன்பே விசாரித்து, நம்பரை போனில் சேமித்துவையுங்கள். சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி உள்ளிட்ட ஊர்களின் கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் மருத்துவமனைகள் இருக்கின்றன. பறவைகளைப் பார்க்கும் நாள், நேரத்தைக் கேட்டுக்கொண்டு போவது அலைச்சலைக் குறைக்கும்.

‘புதுசு வாங்கிக்கலாம்’

இவ்வளவையும் படித்த பிறகு சிலருக்கு ஒரு எண்ணம் வரலாம். ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் சில நூறு ரூபாய். மருத்துவர் கட்டணம், பரிசோதனை, ஆட்டோ என்று கணக்குப் போட்டால் அதைத் தாண்டிவிடும். புதுசு வாங்கிக்கொள்ளலாமே?

இந்தக் கணக்கு பல வீடுகளில் நடக்கிறது. குழந்தைகள் அதைக் கவனிக்கிறார்கள். பள்ளிவிட்டு வந்ததும் கூண்டுக்குப் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பறவையை, ‘இன்னொன்னு வாங்கித் தர்றேன்’ என்று சமாதானம் சொல்லிப் புதைத்துவிட முடியாது. தவிர, என்ன நோய் என்று தெரியாமல் அதே கூண்டில் அடுத்த ஜோடியை விட்டால், அதுவும் அதே வழியில் போகும்.

செலவைக் குறைக்கும் வழி சிகிச்சையைத் தவிர்ப்பதில் இல்லை. முன்னதாகக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. அந்த வேலையை வீட்டில் உள்ள குழந்தையிடமே கொடுக்கலாம். காலையில் தாள் மாற்றுவதற்கு முன் எச்சத்தைப் பார்ப்பது, ஞாயிற்றுக்கிழமை தராசில் நிறுத்தி காலண்டரில் எடையை எழுதுவது. தூள் பறக்கும் கூண்டுச் சுத்தம் மட்டும் பெரியவர்கள் பொறுப்பு. நன்றாகக் கவனித்தால் பட்ஜி 8, 10 வருடம் வாழும். காக்டெயில் 15 வருடத்தைத் தாண்டும். ஒன்றாம் வகுப்பில் வாங்கிக்கொடுத்த காக்டெயில், அந்தப் பிள்ளை கல்லூரி போகும் நாளிலும் கூண்டிலிருந்து விசிலடிக்கலாம்.